வலிக்கலையா? அப்போ உடனே டாக்டரைப் பாருங்க!

போன வருஷம் பங்குனியில் ஒரு நாள். காய்கறி வாங்கப் போன அப்பா வீடு திரும்பினார். இடது கையில் கீரைக்கட்டு. வலது கையில் மஞ்சள் பை. வலது காலில் செருப்பு. இடது காலில்... ஒன்றுமே இல்லை!

"என்னப்பா, ஒத்தச் செருப்போட வர்றீங்க?"

அப்பா குனிந்து பார்த்தார். அவருக்கே ஆச்சரியம். "அட, ஆமாம்டா! எங்க விட்டேன்னு தெரியலையே!"

மார்க்கெட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் அரை கிலோமீட்டர். பாதித் தூரம் தார் ரோடு. மீதி, ஜல்லி கொட்டிவிட்டு கான்ட்ராக்டர் காணாமல் போன ரோடு. அதில் ஒரு கால் வெறுங்காலாக நடந்து வந்திருக்கிறார் மனுஷர், தெரியவே இல்லையாம்!

வீடே சிரித்தது. ஏழாவது படிக்கும் என் பையன் ஓடிப் போய் டீக்கடை வாசலில் கிடந்த செருப்பைக் கண்டுபிடித்து, பரதன் மாதிரி தலைமேல் வைத்துக் கொண்டு வந்தான். நான் சும்மா இருப்பேனா? இதையே ஒரு ஜோக்காக எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். பிரசுரமாகி, சன்மானமும் வந்தது.

நான் ஜோக் என்று நினைத்து விற்றது ஒரு வியாதியின் முதல் அறிகுறியை. அது தெரிய எனக்கு இன்னும் ஆறு வாரம் பிடித்தது.

சித்திரைக் கடைசி. கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம். அப்பா உச்சிக்கால பூஜைக்குக் கோயிலுக்குப் போனார். பூஜை முடிந்து வெளிப்பிரகாரம் சுற்றியிருக்கிறார். கருங்கல் தளம். தோசை ஊற்றினால் வேகும். மற்றவர்கள் எல்லாம் 'உஸ்... ஆ...' என்று நாட்டியமாடிக்கொண்டு நிழலுக்கு ஓட, அப்பா மட்டும் நிதானமாக, கைகூப்பியபடி மூன்று சுற்று. கூட வந்த அவருடைய நண்பர் பிரமித்துப் போய்விட்டார். "சாருக்கு என்ன பக்தி பாருங்க! சூடே உறைக்கலை!" என்று எங்கள் வீட்டு வாசலில் நின்று பாராட்டிவிட்டுப் போனார்.

சாயங்காலம் என் மனைவி தரையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள், "மாமா, கால் கழுவிட்டுத் துடைக்காம வந்துட்டீங்களா? மொசைக் பூரா ஈரமா இருக்கே?"

"இல்லையேம்மா, நான் பாத்ரூம் பக்கமே போகலையே?"

சந்தேகப்பட்டு அவர் பாதத்தைத் தூக்கிப் பார்த்தாள். 'ஐயோ' என்று அலறியது அவள்தான், அவர் இல்லை. உள்ளங்காலில் இரண்டு பெரிய கொப்புளங்கள். ஒன்று உடைந்து, ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குத் தோல் உரிந்து, நீர் வடிந்துகொண்டிருந்தது. அப்பா கையில் பேப்பர். குறுக்கெழுத்துப் போட்டியில் மும்முரமாக இருந்தார்!

"வலிக்கலையா மாமா?"

"துளிகூட இல்லைம்மா. வலிக்காததால பெரிசா ஒண்ணும் இருக்காது. கொஞ்சம் மஞ்சளைக் குழைச்சுப் போடு, சரியாயிடும்."

"வலிக்கலைங்கறதுதான் மாமா எனக்குப் பயமா இருக்கு. என்னங்க, ஆட்டோ கூப்பிடுங்க!"

எங்கள் குடும்பத்தில் அன்றைக்கு மூளையை உபயோகித்த ஒரே ஆள் அவள்தான்.

*எப்ப ஆரம்பிக்கப் போறீங்க, டாக்டர்?*

அப்பாவுக்கு வயது 71. ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். சர்க்கரை நோய் வந்து பதினைந்து வருஷம். மாத்திரையை ஒழுங்காகப் போடுவார். ஜாங்கிரியையும் ஒழுங்காகப் போடுவார். 'பிளஸ்ஸும் மைனஸும் கேன்சல் ஆயிடும்' என்பது அவருடைய சித்தாந்தம்.

டாக்டர் புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டுவிட்டு, ஒரு பேனா மாதிரி சாமானை எடுத்தார். அதன் நுனியில் மீன் தூண்டில் இழை போல ஒரு நைலான் முடி. "இதை அழுத்தினா பத்து கிராம் எடைக்கு வளையும். அவ்வளவுதான். ஐயா, கண்ணை மூடிக்குங்க. கால்ல தொடறப்பல்லாம் 'ம்' சொல்லுங்க" என்றார்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் கட்டைவிரலில் அழுத்தினார். சத்தமில்லை. அடுத்த விரல். சத்தமில்லை. புண் இல்லாத இடமாகப் பார்த்து இரண்டு பாதத்திலும் பத்து இடம் தொட்டாயிற்று. தூங்கிவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம்.

அப்போது அப்பா கண்ணை மூடியபடியே கேட்டார், "எப்ப ஆரம்பிக்கப் போறீங்க, டாக்டர்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் தடவையாக.

காரணம், எங்கள் பெரியப்பா. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் செருப்பில் ஏறிய ஒரு ஆணியோடு நாள் பூராவும் நடந்தார். ராத்திரி செருப்பைக் கழற்றினால் உள்ளே ரத்தம். 'வலியில்லை' என்று விட்டுவிட்டார். பத்து நாளில் கால் கறுத்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஏழரைச் சனி என்று குடும்பமே முடிவு கட்டிப் பரிகாரம் செய்தோம். சனி பகவான் மேல் வீண் பழி! பெரியப்பாவுக்கும் இருபது வருஷ சர்க்கரை.

*ஹெட் ஆபீசும் கிளை ஆபீசும்*

"டாக்டர், நான் பி.காம். எனக்குப் புரியற பாஷையில சொல்லுங்களேன்" என்றேன்.

சிரித்துவிட்டு அவர் சொன்னதை, என் கணக்குப் புத்தக மூளையில் ஏறியபடி தருகிறேன்.

மூளையும் தண்டுவடமும் ஹெட் ஆபீஸ். அங்கிருந்து கை, கால், தோல், குடல் என்று சகல கிளைகளுக்கும் போகிற ஒயர்கள்தான் புற நரம்புகள். மூளையிலிருந்து நேரே 12 ஜோடி. தண்டுவடத்திலிருந்து 31 ஜோடி. இவை கிளை பிரிந்து பிரிந்து உடம்பு பூராவும் ஓடுகின்றன. இவற்றில் மூன்று டிபார்ட்மென்ட்.

ஒன்று, உணர்ச்சி நரம்புகள். 'இங்கே சூடு', 'இங்கே முள்' என்று கிளையிலிருந்து ஹெட் ஆபீசுக்கு ரிப்போர்ட் அனுப்புகிறவை. இரண்டாவது, தசைகளை இயக்கும் நரம்புகள். 'காலை எடு' என்ற ஆர்டரை ஹெட் ஆபீசிலிருந்து கொண்டு வருபவை. மூன்றாவது, நாம் கேட்காமலே வேலை பார்க்கும் தானியங்கி நரம்புகள். வியர்வை, ரத்த அழுத்தம், ஜீரணம், சிறுநீர்ப்பை எல்லாம் இவற்றின் பொறுப்பு.

முதல் டிபார்ட்மென்ட் கெட்டால் மதமதப்பு, எரிச்சல். இரண்டாவது கெட்டால் பலவீனம், தசை மெலிவு. மூன்றாவது கெட்டால் எழுந்து நின்றதும் தலைசுற்றல், வயிறு உப்புசம், பாதத்தில் வியர்வை நின்று தோல் வறண்டு வெடிப்பு, ஆண்களுக்குத் தாம்பத்தியச் சிக்கல். சர்க்கரைக்காரர்கள் சிலருக்கு மாரடைப்பே நெஞ்சு வலி இல்லாமல் வருவதற்கும் இந்த நரம்புக் கோளாறு ஒரு காரணமாம். திடீர் மூச்சுத் திணறல், காரணமில்லாத வியர்வை, அசதி என்றால் 'வாயு' என்று இஞ்சி மரப்பா சாப்பிட்டுப் படுத்துவிடக் கூடாது.

சரி, ஏன் பாதத்தில் ஆரம்பிக்கிறது? ஒயர் நீளம்! இடுப்பிலிருந்து கால் விரல் வரை ஏறக்குறைய ஒரு மீட்டர். சப்ளை குறைந்தால் முதலில் இருட்டாவது கடைசிக் கிராமம்தானே? கால் விரலில் தொடங்கி, சாக்ஸ் போட்ட மாதிரி மேலே ஏறும். அது முழங்காலை நெருங்கும்போது கை விரல்களில் கிளவுஸ் போட்ட மாதிரி ஆரம்பிக்கும்.

"இன்னொண்ணு கவனிச்சீங்களா?" என்றார் டாக்டர். "எரியுது, குத்துதுன்னு கத்தற பேஷன்ட் அன்னிக்கே என்கிட்ட ஓடி வந்துடறார். அவருக்கு வைத்தியம் கிடைச்சிடுது. மரத்துப் போனவர் வர்றதே இல்லை. வலிதான் சார் வாட்ச்மேன். வாட்ச்மேன் கத்தினா எழுந்து பார்க்கறோம். அவன் செத்துப் போயிட்டா, 'ராத்திரி என்ன அமைதி'ன்னு சந்தோஷமாத் தூங்கறோம்!"

*வேலூரில் பூனைகள்*

வலி இல்லாமல் போவது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் நம்ம ஊர்க்காரர் என்றே சொல்லலாம். டாக்டர் பால் பிராண்ட். ஆங்கிலேயர்தான், ஆனால் 1914ல் பிறந்தது கொல்லிமலையில். 1946ல் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு சர்ஜனாக வந்தார்.

தொழுநோய் வந்தால் விரல்கள் அழுகி உதிர்ந்துவிடும் என்று அந்தக் காலத்தில் டாக்டர்களே நம்பினார்கள். பிராண்ட் நோயாளிகளின் கை, கால்களைப் பொறுமையாகக் கவனித்தார். நோய்க் கிருமி விரலைத் தின்பதில்லை, நரம்பைத்தான் கெடுக்கிறது, உணர்ச்சி போன கையால் அவர்கள் கொதிக்கும் பாத்திரத்தைப் பிடிக்கிறார்கள், முள் குத்திய காலோடு நடக்கிறார்கள், அந்தப் புண்கள்தான் விரலைக் கொண்டு போகின்றன என்று கண்டுபிடித்தார்.

ஆனால் ஒரு புதிர். ஆபரேஷன் செய்து சரியாக்கிய சிலருக்கு, ராத்திரி படுக்கும்போது இருந்த விரல் நுனி காலையில் இல்லை! ராத்திரி கண் விழித்துக் காவல் இருந்து பார்த்தால்... எலி! எலி கடித்தாலும் விழிக்காத அளவுக்கு உணர்ச்சியற்ற விரல்கள். பிராண்ட் எழுதிக் கொடுத்த மருந்து என்ன தெரியுமா? பூனை! வீட்டுக்குப் போகிற நோயாளிகள் கூடவே ஒரு பூனையையும் எடுத்துப் போக ஏற்பாடு செய்தார்.

2003ல் காலமான அந்த மனிதர், வலியை ஒரு வரம் என்றே கடைசி வரை சொல்லி வந்தார். இதைக் கேட்ட பிறகு தலைவலித் தைலம் தேய்க்கும்போதுகூட எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது.

*யார் யார் பேரில் கடன்?*

நரம்பு கெடுவதற்குக் காரணங்கள் ஒரு பெரிய லெட்ஜர். முதல் பக்கத்தில் சர்க்கரை நோய். நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக 2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு மதிப்பிட்டது. எனவே அப்பாக்கள் ஏராளம்!

அடுத்த பக்கம் வைட்டமின் பி-12 பற்றாக்குறை. இது மாமிசம், முட்டை, பாலில்தான் இருக்கிறது. சுத்த சைவர்களுக்கும், வயதானவர்களுக்கும், சர்க்கரைக்காக மெட்ஃபார்மின் மாத்திரையை வருஷக் கணக்கில் சாப்பிடுபவர்களுக்கும் குறையலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். சீக்கிரம் கண்டுபிடித்தால் சரிசெய்யக் கூடியது.

அப்புறம் குடி. தைராய்டு குறைவு. சிறுநீரகக் கோளாறு. சில புற்றுநோய் மருந்துகள். காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோநயாஸிட் (அதனால்தான் அதோடு பி-6 மாத்திரையும் தருகிறார்கள்). வேடிக்கை என்னவென்றால், அந்த பி-6ஐயே அளவுக்கு மீறி மாதக் கணக்கில் விழுங்கினாலும் நரம்பு கெடும்! 'நரம்புக்கு நல்லது' என்று கடையில் தானாக வாங்கிப் போடுகிறவர்கள் கவனிக்க.

தொழுநோயும் லெட்ஜரில் இன்னும் இருக்கிறது. தோலில் வெளுத்த அல்லது சிவந்த தேமல், அதைத் தொட்டால் உணர்ச்சியில்லை என்றால் வெட்கப்படாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். மருந்து இலவசம். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்தில் குணமாகிவிடும். தாமதித்தால் கிருமி சாகும், போன நரம்பு திரும்பாது.

ஒரே ஒரு நரம்பு மட்டும் நசுங்குவதும் உண்டு. எங்கள் தெருவில் தையல் வேலை செய்யும் அக்காவுக்கு ராத்திரி இரண்டு மணிக்குக் கை மரத்து விழிப்பு வரும். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல்... ஜிவ்வென்று. கையை உதறினால் சரியாகும். 'ஹார்ட் அட்டாக்' என்று பயந்து உயில் எழுதும் அளவுக்குப் போய்விட்டார். கடைசியில் மணிக்கட்டில் ஒரு குறுகிய சந்து வழியாகப் போகும் நரம்பு நசுங்கியிருந்தது. அதற்குக் 'கார்ப்பல் டனல்' என்று பெயர். ராத்திரி மணிக்கட்டுக்குப் பட்டை கட்டியே சரியாயிற்று. முற்றியிருந்தால் சின்ன ஆபரேஷன்.

என் நண்பன் ஒருவன் கல்யாண மண்டபத்தில், உள்ளே கொஞ்சம் 'தீர்த்தம்' இறங்கியிருந்த நிலையில், நாற்காலியின் முதுகில் கையைத் தொங்கப் போட்டுத் தூங்கினான். காலையில் மணிக்கட்டு தொங்கிவிட்டது. தாலி கட்டும்போது அட்சதை போடக் கை எழவில்லை. மேல்கையில் ஓடும் நரம்பு அழுந்தியதுதான் காரணம். சில வாரங்களில் சரியாயிற்று. தீர்த்தத்தை விட்டானா என்பதைப் பற்றித் தகவல் இல்லை.

*எப்போது ஓட வேண்டும்?*

சம்மணம் போட்டு உட்கார்ந்து கால் மரத்து, எழுந்து உதறினால் ஐந்து நிமிஷத்தில் சரியாகிறதே, அதற்கெல்லாம் டாக்டரைத் தொந்தரவு செய்ய வேண்டாம். மற்றபடி, டாக்டரைக் கேட்டு எழுதிய பட்டியல் இது. கத்தரித்து பீரோ கதவில் ஒட்டிக்கொள்ளலாம்.

உடனே, ராத்திரி பன்னிரண்டு மணியானாலும்:

1. முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு பக்கக் கை கால் விழுதல், பேச்சுக் குழறல். இது பக்கவாதமாக இருக்கலாம். 108க்குப் போன் செய்யுங்கள். முகம் மட்டும்தானே கோணியிருக்கிறது, முக நரம்பு வாதமாக இருக்கும் என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். அதுவே ஆனாலும் முதல் மூன்று நாளுக்குள் மருந்து ஆரம்பித்தால்தான் முழுப் பலன்.

2. இரண்டு காலும் பலமிழந்து, மணிக்கு மணி, நாளுக்கு நாள் மேலே ஏறுவது. காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து போன சில வாரங்களில் இப்படி வந்தால் 'கில்லன் பாரே' என்ற நோயாக இருக்கலாம். மூச்சுத் தசைகள் வரை போகக் கூடியது. 2025 தொடக்கத்தில் புனே பகுதியில் இருநூறு பேருக்கு மேல் இந்த நோயின் சந்தேகத்தில் சிகிச்சை பெற்றது ஞாபகம் இருக்கலாம். ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் சிகிச்சை உண்டு.

3. முதுகு வலியோடு, சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப் போவது, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமல் போவது.

4. கண்ணாடியோ கத்தியோ கிழித்த பிறகு விரல் மரத்துப் போவது, மடக்க முடியாமல் போவது. தோலைத் தைத்தால் போதாது. உள்ளே நரம்பு அறுந்திருக்கலாம்.

5. மரத்த காலில் புண், கொப்புளம், சிவப்பு, வீக்கம், நாற்றம். வலி இல்லாவிட்டாலும்! வலி இல்லாவிட்டால் இன்னும் வேகமாக!

இந்த வாரத்துக்குள்:

1. இரண்டு பாதத்திலும் மதமதப்பு, எறும்பு ஊர்வது, எரிச்சல், பஞ்சு மேல் நடப்பது போன்ற உணர்வு. ராத்திரி போர்வை பட்டாலே கூசுவது.

2. செருப்பு கழன்றது தெரியாமல் நடப்பது. (சிரித்துவிட்டு ஜோக் எழுத வேண்டாம்!)

3. முகத்துக்கு சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் தள்ளாட்டம். இருட்டில் நடக்கத் தடுமாற்றம். பாதம் எங்கே இருக்கிறது என்ற தகவல் ஹெட் ஆபீசுக்குப் போகவில்லை, கண்ணை வைத்துச் சமாளிக்கிறீர்கள் என்று அர்த்தம்.

4. சட்டைப் பட்டன் போட முடியாமை, டம்ளர் நழுவுதல், நடக்கும்போது பாதத்தின் முன்பகுதி தரையில் இழுபடுதல். முன்பாதம் திடீரென்று தொங்கிவிட்டால் வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம், அன்றே போங்கள்.

5. உணர்ச்சியில்லாத தேமல்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் எதுவுமே இல்லாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு தடவை அந்த நைலான் முடிப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும். ஐந்து நிமிஷ வேலை. டாக்டர் உங்கள் ரத்தத்தைப் பார்க்கிறார், பிரஷர் பார்க்கிறார், சாக்ஸைக் கழற்றச் சொல்லவில்லை என்றால், நீங்களே கழற்றிக் காட்டுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்!

*திரும்பி வருமா?*

நசுங்கிய நரம்பு, நசுக்குவதை எடுத்தால் பெரும்பாலும் பிழைக்கும். அறுந்ததைச் சேர்த்துத் தைத்தால் நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வளரும். மாதத்துக்கு ஒரு அங்குலம். அரசாங்க ஃபைல் வேகம்தான், ஆனால் நகரும். வருஷக்கணக்கில் சர்க்கரை தின்ற நரம்பு மட்டும் முழுசாகத் திரும்புவது அபூர்வம். சர்க்கரையைக் கட்டுப்படுத்தினால் மேலும் கெடுவதை நிறுத்தலாம், அல்லது தாமதப்படுத்தலாம். எரிச்சலுக்குத் தனி மருந்துகள் உண்டு. சாதாரணத் தலைவலி மாத்திரை இதற்குக் கேட்காது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டதை நீங்கள் வாங்கிப் போடவும் கூடாது.

மீதி எல்லாம் காபந்துதான். வாட்ச்மேன் இல்லாத வீட்டுக்கு நாமே ராத்திரி ரோந்து போக வேண்டும். தினமும் பாதத்தையும் விரல் இடுக்கையும் பார்க்க வேண்டும். குனிய முடியாவிட்டால் தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். செருப்பைத் தட்டிவிட்டு, உள்ளே கைவிட்டுப் பார்த்துவிட்டுப் போட வேண்டும். வீட்டுக்குள்ளும் வெறுங்கால் கூடாது. பின்னால் பட்டை உள்ள எம்.சி.ஆர். செருப்பு நல்லது. வெந்நீர் ஒத்தடம், ஹீட்டிங் பேட், கால் ஆணியை பிளேடால் சீவுவது மூன்றும் தடா. வெந்நீரின் சூட்டை உணர்ச்சி உள்ள வேறு யாராவது கைவைத்துப் பார்க்க வேண்டும்.

அப்பாவின் புண் ஆற ஒன்பது வாரம் ஆயிற்று. நடுவில் ஒரு வாரம், விரல் போய்விடுமோ என்று டாக்டரே யோசித்தார். பெரியப்பா அடிக்கடி என் கனவில் வந்தார். தப்பித்தோம். "அன்னிக்கு மஞ்சள் பத்துப் போட்டுட்டுப் படுத்திருந்தா..." என்று டாக்டர் வாக்கியத்தை முடிக்கவில்லை. என் மனைவி இன்றுவரை அந்த வாக்கியத்தை முடித்து எனக்குச் சொல்லிக் காட்டிக்கொண்டிருக்கிறாள்.

இப்போது அப்பா கோயிலுக்குப் போவது விடிகாலை, கல் குளிர்ந்திருக்கும்போது. ராத்திரி எட்டு மணிக்கு என் பையன் டார்ச் லைட்டோடு தாத்தா பாதத்தை ஆராய்வான். நோட்டில் தேதி போட்டு 'ஓகே' என்று கையெழுத்து. தினசரி ஆடிட்! ஜாங்கிரி தள்ளுபடி செய்யப்பட்டது. பரிசோதனையில் பி-12ம் குறைவு என்று தெரிந்து, ஊசி போட்டார்கள். "இதனால கெட்ட பங்கு கொஞ்சம் திரும்பலாம். சர்க்கரையால போனது வராது" என்று சொல்லியிருந்தார் டாக்டர்.

போன மாதம் ஒரு ராத்திரி. கரண்ட் இல்லை. கூடத்திலிருந்து, "ஐயோ! அம்மா!" என்று அப்பாவின் அலறல். எல்லோரும் ஓடினோம். கட்டில் காலில் கணுக்காலை இடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, வலிக்குதா?"

"உயிர் போகுதும்மா!"

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தது. "கிழவன் அடிபட்டுக் கத்தறேன், ரெண்டு பேரும் பல்லைக் காட்டறீங்களா?" என்று அப்பாவுக்கு மகா கோபம்.

மறுநாள் டாக்டர் நைலான் முடியால் தொட்டுப் பார்த்தார். கணுக்கால் பக்கம் இரண்டு இடத்தில் 'ம்' வந்தது. விரல்களில் இல்லை. "விரல்ல வராது. இதை நம்பி செருப்பைக் கழட்டிடாதீங்க" என்று எச்சரித்து அனுப்பினார்.

அந்த இரண்டு 'ம்'முக்காக அன்று வீட்டில் பால் பாயசம். அப்பாவுக்கு மட்டும் கிடையாது.